ஒரே மண்வெட்டி, வேறு வேறு விசா

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபெர்க் வட்டாரம் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் கரும்புக்கும் பெயர்போன செம்மண் பூமி. அறுவடைக் காலத்தில் அங்கே வயல்களில் குனிந்து நிற்கும் இளைஞர்களின் விசா ஆவணங்களை வாங்கிப் பார்த்தால் நான்கு எண்கள் கிடைக்கும். பிரான்ஸிலிருந்தோ தைவானிலிருந்தோ வந்தவரிடம் 417. இந்தோனேசியாவிலிருந்து வந்தவரிடம் 462. வனுவாட்டு தீவுக்காரரிடம் 403. நகரத்தில் பட்டம் படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்க வந்தவரிடம் 500. கிழங்கு ஒன்றுதான், வெயில் ஒன்றுதான், மாலையில் முதுகு வலிப்பதும் ஒன்றுபோலத்தான்.

ஆனால் அரசின் கணக்கில் இவர்கள் நால்வரும் வேறு வேறு இனம். 417 வைத்திருப்பவர் விடுமுறைக்கு வந்த விருந்தாளி. முதலாளி பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். 462 வைத்திருப்பவரும் விடுமுறைக்காரர்தான், ஆனால் பெரும்பாலும் அவர் நாட்டுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, படித்திருக்கவும் வேண்டும். 403 பருவகாலத் தொழிலாளி. தன்னை வரவழைத்த முதலாளியை விட்டு அவர் இஷ்டத்துக்கு விலக முடியாது. 500 மாணவர், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் விசா விதியை மீறியவர் ஆகிவிடுவார்.

அயல்நாட்டில் ஓர் இளைஞர் கழிக்கும் ஓராண்டுக்குத் தொண்டு, விடுமுறை, படிப்பு, பயிற்சி, கூலி என்று எந்தப் பெயர் வாய்க்கும் என்பது பெரும்பாலும் அவர் செய்யும் வேலையைப் பொறுத்தது அல்ல. எந்த நாட்டிலிருந்து புறப்பட்டார் என்பதைப் பொறுத்தது. பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு சட்டம் அந்தப் பெயரைத்தான் பார்க்கிறது. இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று பின்னோக்கிப் போனால், தொடக்கத்தில் ஒரு மண்வெட்டி தட்டுப்படுகிறது.

வெர்தனில் தொடங்கியது

1920 நவம்பர். பிரான்ஸில் வெர்தன் போர்க்களத்தை ஒட்டிய எஸ்ன் கிராமம். முதல் உலகப் போர் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியிருந்தது. பியர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர் ஒரு சிறு குழுவோடு அங்கே போய் இறங்கினார். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தின் தலைவராக இருந்தவர். மகனோ ராணுவத்துக்கான வரியைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். குழுவில் போரிட்ட நாடுகளின் ஆட்கள் இருந்தார்கள், ஜெர்மானியர் உட்பட. இடிபாடுகளை அகற்றினார்கள், குண்டு விழுந்த குழிகளை மூடினார்கள், தங்குவதற்கு மரக்குடில்கள் அமைத்தார்கள். கூலி வாங்கவில்லை. ஆனால் ஜெர்மானியரின் கை உதவி வேண்டாம் என்று உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்களில் குழு கலைந்தது.

தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்துதான் சர்வதேசக் குடிமைச் சேவை என்ற இயக்கம் வளர்ந்தது. ஒடிந்த வாளும் மண்வெட்டியும் அதன் சின்னம். 1928-இல் ரைன் ஆற்று வெள்ளம் சேறாக்கிவிட்டுப் போன லீக்டன்ஸ்டைன் நாட்டு வயல்களைச் சீர்செய்ய 700-க்கும் மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். 1931 டிசம்பரில் காந்தி பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்தைப் பார்க்க சுவிட்சர்லாந்து போனபோது செரெசோல் அவரைச் சந்தித்தார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் நில நடுக்கம் வந்ததும், அந்தச் சந்திப்பின் நினைவோடு செரெசோல் கப்பல் ஏறினார். ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணப் பணியோடு சேர்ந்து முசாபர்பூர் பக்கத்தில் வெள்ளம் ஏறும் கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலை. அப்படி எழுந்த ஊர் ஒன்றுக்கு சாந்திபூர் என்று பெயர். வெள்ளைக்காரர் சிலர் மண் சுமப்பது அன்றைய பீகாரில் சாதாரணக் காட்சியாக இருந்திருக்காது.

இந்த இயக்கம் வகுத்துக்கொண்ட விதிகளில் ஒன்றை இங்கே குறித்துவைக்க வேண்டும்: கூலிக்கு ஆள் செய்யும் வேலையோடு தொண்டர் போட்டி போடக் கூடாது. இலவசமாக வரும் ஒரு கை, பக்கத்தில் கூலிக்கு நிற்கும் இன்னொரு கையைத் தள்ளிவிடக் கூடாது என்பது அதன் பொருள். தொண்டு என்ற பெயருக்குள் கூலி என்ற பெயர் எப்போதும் ஒளிந்திருக்கிறது என்பதை அந்த ஆட்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள்.

அனுமதி கேட்டுப் போனவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதே எண்ணம் ஜெர்மனியில் வேறு உருவம் எடுத்தது. லோதார் கிரைசிக் ஒரு நீதிபதி. மனநலம் குன்றியோரை நாஜி அரசு கொன்றபோது அதைக் கொலை என்று வெளிப்படையாக எதிர்த்தவர். 1958-இல் பெர்லினில் கூடிய திருச்சபை மன்றத்தில் அவர் ஓர் அறிக்கையை முன்வைத்தார். ஜெர்மானியரால் பாதிக்கப்பட்ட நாடுகள், தங்கள் மண்ணில் ஏதாவது நல்லதைக் கட்டித்தர ஜெர்மன் இளைஞர்களை அனுமதிக்க வேண்டும் என்ற விண்ணப்பம் அது. கழுவாய்க்கான அடையாளச் செயல் என்று அந்த அமைப்புக்குப் பெயர். நெதர்லாந்து, நார்வே, கிரேக்கம் என்று போனார்கள். 1961 முதல் இஸ்ரேலுக்கும். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் எரித்த கவென்ட்ரி பேராலயத்தின் இடிபாடுகளுக்குள் 1961-62-இல் ஜெர்மன் இளைஞர்கள் செங்கல் அடுக்கினார்கள். சில ஆண்டுகளில் கவென்ட்ரியிலிருந்து ஆங்கில இளைஞர்கள் டிரெஸ்டன் நகருக்குப் போய், பிரிட்டிஷ் குண்டுகள் சிதைத்த மருத்துவமனை ஒன்றைக் கட்ட உதவினார்கள்.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்திவைப்பது அனுமதி என்ற சொல். எஸ்ன் கிராமத்தில் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது போல, இங்கே வரலாமா என்று முதலில் கேட்கப்பட்டது. வரவேற்கும் ஊருக்கு ஒரு வாய் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் ஹெர்ப் ஃபைத் செய்தது இன்னும் நுட்பமானது. வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிக் குழந்தையாக மெல்போர்ன் வந்த யூதர் அவர். 1951-இல், இருபது வயதைத் தாண்டியதும், புதிதாக விடுதலை பெற்ற இந்தோனேசியாவின் தகவல் அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம், உள்ளூர் அரசு ஊழியருக்கு என்னவோ அதே. அவரைப் பின்பற்றி வந்த ஆஸ்திரேலியப் பட்டதாரிகளும் அதே ஊதியத்தில் வாழ்ந்தார்கள். காலனிக் காலத்து வெள்ளையர் குடியிருப்பை விட்டு விலகி, உடன் வேலை செய்பவர்கள் தங்கும் இடங்களில் தங்கினார்கள். பெயர் தன்னார்வலர், ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் வெறும் ஊழியர். தொண்டையும் கூலியையும் ஒரே தட்டில் வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் அறியேன்.

பிறகு வந்தது பெரிய அளவு. 1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆணையால் அமைதிப் படை பிறந்தது. முதல் குழு கானாவுக்குப் போனது. அதே ஆண்டு இறுதியில் ஒரு குழு பஞ்சாபுக்கு வந்தது. 1976 வரை இந்தியாவில் 4,000-க்கும் மேற்பட்டோர் பணியாற்றினார்கள். அவர்களில் ஒருவர், பின்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் தாய் லில்லியன், தம் 68-ஆம் வயதில் மும்பை விக்ரோலிக்கு வந்தவர். ஆனால் படை தொடங்கிய ஆண்டே நைஜீரியாவில் ஒரு சின்ன விபத்து நடந்தது. இபடான் பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண், ஊர் எவ்வளவு பழமையில் கிடக்கிறது என்று நண்பருக்கு அஞ்சலட்டை எழுதினார். அது வழியில் விழுந்து நைஜீரிய மாணவர்கள் கையில் சிக்கியது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். தங்களுக்குச் சேவை செய்ய வந்த தம் வயதுக்காரர் தங்களைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று படிக்கும் வாய்ப்பு வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை. இன்று அஞ்சலட்டைக்குப் பதில் இன்ஸ்டாகிராம்.

செம்மண் மேட்டில்

தமிழ் நிலத்தில் இதற்கு ஒரு கதை உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று புதுச்சேரிக்கு வடக்கே, தமிழக எல்லைக்குள் உள்ள மேட்டு நிலத்தில் ஆரோவில் தொடங்கியபோது, 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாமரை வடிவக் கலசத்தில் போட்டார்கள். சுற்றிலும் பனை மட்டும் நின்ற பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகள் வழியே கடலைச் சிவக்கச் செய்தது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த இளைஞர்கள் கீற்றுக் கொட்டகையில் தங்கி, வரப்பு போட்டு மழைநீரைத் தடுத்து, மரம் நட்டார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்ற, இந்தக் கரையோரத்திலிருந்து ஏறத்தாழ மறைந்துபோன வகை. உண்மையிலேயே பெரிய சாதனை.

அந்த வரப்புகளைப் போட்டவர்களில் குயிலாப்பாளையம், கோட்டக்கரை போன்ற சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் உண்டு. மண்வெட்டி அவர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் தினக்கூலிக்கு வந்தார்கள். ஒரே குழியில் செடி வைத்த இரண்டு பேரில் ஒருவர் முன்னோடி என்றும் இன்னொருவர் ஆள் என்றும் பெயர் பெற்றார். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. கூலி வாங்காமல் உழைக்க முடிகிற நிலையே ஒரு வசதி. தொண்டர் என்ற பெயர் அந்த வசதியோடு சேர்ந்து வருகிறது.

தமிழே இந்த இழுபறியைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் தொண்டர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கட்சிக் கொடி பிடிப்பவர். அதனால் வேறு வேலைக்குத் தன்னார்வலர் என்ற சொல்லை வைத்துக்கொண்டோம். சிங்கப்பூர்த் தமிழர்கள் தொண்டூழியர் என்கிறார்கள். தொண்டும் ஊழியமும் ஒன்றாகக் கோத்த சொல். எனக்கு அதுவே சரியென்று படுகிறது. இந்திய அரசின் விசா விதியும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது: தொண்டு நிறுவனத்தில் சம்பளமின்றிப் பணியாற்ற வரும் அயல்நாட்டவருக்கு வேலை விசாதான் தரப்படுகிறது, நிறுவனத்தின் பெயரும் இடமும் குறிக்கப்பட்டு.

2008-இல் ஜெர்மன் அரசு வெல்ட்வேர்ட்ஸ், அதாவது உலகை நோக்கி, என்ற திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 28 வயதுவரை உள்ளவர்கள் ஓராண்டு வளரும் நாடு ஒன்றில் பள்ளியிலோ பண்ணையிலோ மாற்றுத்திறனாளி இல்லத்திலோ பணியாற்றலாம். செலவில் முக்கால் பங்குவரை அரசு ஏற்கும். ஆரோவிலுக்கும் தமிழகத்தின் பிற ஊர்களுக்கும் இந்த வழியில் பலர் வந்திருக்கிறார்கள். பள்ளிப்படிப்பு முடித்த, இன்னும் தொழில் எதுவும் கற்காத பத்தொன்பது வயதுப் பிள்ளை இங்கே வந்து என்ன உதவி செய்துவிடும் என்று ஜெர்மன் பத்திரிகைகளே அந்த முதல் ஆண்டில் கேலி செய்தன. திட்டம் பிறகு தன்னை நேர்மையாக்கிக்கொண்டது: வளர்ச்சி உதவி என்பதைவிடக் கற்றல் என்று அழுத்திச் சொல்லத் தொடங்கியது. 2013-இல் எதிர்த்திசையும் திறந்தது. தெற்கு நாட்டு இளைஞர்கள் ஜெர்மனியின் முதியோர் இல்லங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் ஓராண்டு தன்னார்வலராக இருக்கலாம். எண்ணிக்கையில் இந்தத் திசை மிகச் சிறியது. ஆனாலும் பெயரில் சமம். அதைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது.

பணம் கட்டித் தொண்டு செய்யும் வணிகச் சுற்றுலாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். நேபாளத்திலும் கம்போடியாவிலும் அனாதை இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு வாரம் வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போகும் வெளிநாட்டு இளைஞர் தரும் பணத்துக்காக இல்லங்கள் பெருகின, இல்லங்களுக்காகக் குழந்தைகள் கிராமத்திலிருந்து திரட்டப்பட்டார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-இல் இதை நவீன அடிமைமுறை பற்றிய விசாரணைக்குள் கொண்டுவந்தது. அந்தக் கிராமத்துத் தாயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

மாணவர் என்ற பெயர்

சோஃபியா கொராடி இத்தாலியச் சட்ட மாணவி. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து 1958-இல் ரோமுக்குத் திரும்பியவர், அந்தப் படிப்பைத் தம் பட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுமாறு ரோம் பல்கலைக்கழகத்தில் கேட்டார். அலுவலகத்தில் அவமதித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தை ஒரு வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1969-இல் தொடங்கிய அவருடைய முயற்சி, 1987-இல் எராஸ்மஸ் திட்டமாக நிறைவேறியது. முதலாண்டு 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இன்று மொத்தம் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. எராஸ்மஸ் தம்பதிகளுக்குப் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று 2014-இல் ஐரோப்பிய ஆணையம் ஒரு மதிப்பீட்டைப் பெருமையோடு வெளியிட்டது. எந்த அரசுத் திட்டமும் இப்படியொரு பலனைத் தன் அறிக்கையில் சேர்த்ததாக எனக்கு நினைவில்லை.

எராஸ்மஸில் போகும் ஐரோப்பிய மாணவருக்கு விசா இல்லை, போன பல்கலைக்கழகத்தில் கட்டணமும் இல்லை, உதவித்தொகை உண்டு, மாலையில் ஓட்டலில் வேலை செய்தால் அவர் உள்ளூர்க்காரருக்குச் சமம். அதே ஜெர்மன் நகரத்துக்குத் திருச்சியிலிருந்து ஒருவர் போக வேண்டுமென்றால், முதலில் பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ, நம் பணத்தில் 11 லட்சத்துக்கும் மேல், ஒரு கணக்கில் முடக்கிவைத்து மாதம் 992 யூரோவாகத் திரும்பப் பெற வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். வீட்டை அடகுவைத்தோ கல்விக் கடன் வாங்கியோ இந்தத் தொகையைப் புரட்டும் குடும்பத்துக்கு அந்த 140 நாள் கைச்செலவு அல்ல, கடன் தவணை.

மாணவர் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று ஒவ்வொரு நாடும் ஓர் எண் வைத்திருக்கிறது. ஜப்பானில் வாரம் 28. பிரிட்டனில் 20. படிப்பு கெடக் கூடாதென்று வைத்த எண் என்பார்கள். கொரோனாவுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். ஆட்கள் கிடைக்காமல் கடைகளும் முதியோர் இல்லங்களும் திண்டாடியபோது ஆஸ்திரேலியா 2022 ஜனவரியில் வரம்பையே எடுத்துவிட்டது. 2023 ஜூலையில் 48 மணி என்று மீண்டும் வைத்தது. கனடா 2022 நவம்பரில் எடுத்தது. 2024-இல் திரும்பக் கொண்டுவந்து வாரம் 24 மணி என்றது. அந்த இடைக்காலத்தில் மாணவரின் பாடம் சுலபமாகிவிடவில்லை. அந்த எண் கல்வித் துறையின் கவலையா, தொழிலாளர் சந்தையின் குழாய்த் திருகா என்பது அப்போது வெளியே தெரிந்தது.

வரம்பு இருக்கும்போது அது யாருக்கு உதவுகிறது? 2015-இல் ஆஸ்திரேலியாவின் செவன்-இலெவன் கடைகளைப் பற்றி ஊடகங்கள் வெளியிட்ட செய்தி இதற்கு விடை. கடைகளில் இரவுப் பணியில் இருந்தவர்களில் பலர் இந்தியா, பாகிஸ்தான் போன்ற நாடுகளின் மாணவர்கள். அன்றைய வரம்பு இரண்டு வாரத்துக்கு 40 மணி. கடைக்காரர் 80 மணி வேலை வாங்கி 40 மணி என்று கணக்கில் எழுதுவார். தாளில் எல்லாம் சட்டப்படி. கைக்கு வருவது பாதிச் சம்பளம். புகார் செய்தால் வரம்பை மீறியதாகக் குடிவரவுத் துறையில் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல் போதுமானதாக இருந்தது. மாணவரைக் காக்க வைத்த விதி, அவர் வாயை அடைக்கும் துணியானது. நிறுவனம் பின்னர் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. விசா நிலையைக் காட்டித் தொழிலாளியை மிரட்டுவது தனிக் குற்றம் என்று அந்நாட்டுச் சட்டம் திருந்த 2024 ஜூலை ஆயிற்று.

ஜப்பான் வேறு சொல்லைத் தேர்ந்தெடுத்தது: பயிற்சி. 1993-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம், வளரும் நாட்டு இளைஞர்களுக்குத் திறன் கற்பித்துத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னது. 2023 முடிவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பயிலுநர்கள், அதிகம் பேர் வியட்நாமியர். மீன் வெட்டினார்கள், சட்டை தைத்தார்கள், சாரம் கட்டினார்கள். பயிலுநர் என்பதால் முதலாளியை மாற்ற முடியாது. கற்றுக்கொடுப்பவரை விட்டு மாணவன் ஓடலாமா? ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். 2024 ஜூனில் ஜப்பான் நாடாளுமன்றம் அந்தத் திட்டத்தை முடித்து, 2027-இல் வேறு ஏற்பாட்டைக் கொண்டுவரும் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய பெயரில் வேலை என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லை எழுத முப்பது ஆண்டு ஆனது.

விடுமுறைக்கு ஆயிரம் இடம்

பண்டபெர்க் வயலுக்குத் திரும்புவோம். ஆஸ்திரேலியாவின் உழைக்கும் விடுமுறைத் திட்டம் 1975-இல் பிரிட்டன், கனடா, அயர்லாந்து இளைஞர்களுக்காகத் தொடங்கியது. உறவுக்கார நாட்டுப் பிள்ளைகள் வந்து சுற்றிப் பார்க்கட்டும், வழிச்செலவுக்குக் கொஞ்சம் வேலை செய்யட்டும் என்ற எண்ணம். 2005-இல் ஒரு சிறு திருத்தம் வந்தது. கிராமப்புறத்தில் மூன்று மாதம் அறுவடை வேலை செய்தால் இரண்டாம் ஆண்டும் தங்கலாம். 88 நாள் என்று முதுகுப்பை இளைஞர் உலகமே அதைச் சொல்லும். 2019-இல், ஆறு மாதம் செய்தால் மூன்றாம் ஆண்டு. விடுமுறைத் திட்டம் இப்படியாக விவசாயக் கூலித் திட்டமாயிற்று. ஆனால் பெயர் மாறவில்லை.

88 நாளுக்குக் கையெழுத்து போடுபவர் பண்ணைக்காரர். அதனால் பண்ணைக்காரர், ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்ததாரர், விடுதிக்காரர் மூவரும் சேர்ந்த ஒரு வலை உருவானது. எங்கள் விடுதியில் தங்கினால்தான் வேலை என்பார்கள். வாடகை முன்கூட்டியே பிடிக்கப்படும். வேலை வாரத்தில் இரண்டு நாள்தான் இருக்கும். ஊதியம் பெட்டிக் கணக்கில். கை பழகாத நகரத்துப் பிள்ளை நாள் முழுக்கப் பறித்தாலும் சாப்பாட்டுச் செலவுக்குத் தேறாது. தேயிலைத் தோட்டத்து எடைக் கணக்கை அறிந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பெட்டிக் கணக்கில் உழைத்தாலும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலி கிடைத்தாக வேண்டும் என்று நியாயப் பணி ஆணையம் தீர்ப்பளித்து, அது நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 28. 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு 88 நாள் வேண்டாம் என்று விலக்கு வந்தது. இரு நாட்டு வணிக ஒப்பந்தத்தில் பேசி வாங்கிய சலுகை.

இந்தியாவுக்குக் கதவு திறந்ததும் வணிக ஒப்பந்தத்தின் வழியேதான். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் மைசூர்ப் பருப்புக்கும் ஒயினுக்கும் சுங்கம் குறைந்ததோடு, ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞருக்கு 462 விசா என்ற ஏற்பாடும் வந்தது. வயது 18 முதல் 30. குலுக்கல் முறை. 2024 அக்டோபரில் பெயர்ப் பதிவு திறந்ததும் 40,000 பேர் பதிந்ததாக ஆஸ்திரேலிய அரசுத் தரப்பே சொன்னது. பிரிட்டனும் 2023 முதல் ஆண்டுக்கு 3,000 இந்திய இளைஞருக்கு இரண்டாண்டு விசா தருகிறது, அதுவும் குலுக்கல். பட்டம் வேண்டும், வங்கியில் 2,530 பவுண்டு வேண்டும். அதன் வேர் 2021 மே மாத உடன்படிக்கையில் இருக்கிறது. அதே தாளில்தான், பிரிட்டனில் ஆவணமின்றித் தங்கியிருக்கும் இந்தியர்களைத் திரும்ப ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. விடுமுறைக்குப் போகும் இந்தியர் என்ற புதிய ஆளுக்கு அவ்வளவு விலை.

ஆனாலும் இந்தக் கதவைச் சிறிதென்று தள்ளமாட்டேன். நம் பிள்ளைகள் மாணவர் என்ற பெயரில் லட்சங்களைக் கட்டிப் போய் வேலை தேடுவதைவிட, வேலை செய்யவும் சுற்றவும் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லிப் போக முடிவது மேல். ஐஇஎல்டிஎஸ் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகையில் இதற்கு இடம் இல்லை. கல்லூரிக் கட்டணத்திலிருந்து தரகு வராத விசா அது.

இளம் வயதில் கடல் கடந்து உழைக்கப் போவது தமிழருக்கு எராஸ்மஸ் சொல்லிக்கொடுத்ததல்ல. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களிலும் அதன்பின் போனவர்களிலும் பெரும்பாலோர் இளையவர்கள். ஒப்பந்தக் கூலி என்பதுதான் அவர்களுக்கு வாய்த்த பெயர். அதே காலத்தில் பண்டபெர்க் கரும்பு வயல்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. 1863 முதல் 1904 வரை குயின்ஸ்லாந்துக்கு ஏறத்தாழ 62,000 பேர் வனுவாட்டு, சாலமன் முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். பலர் ஏமாற்றியும் கடத்தியும். பிறகு வெள்ளை ஆஸ்திரேலியா வேண்டுமென்று 1901-இல் சட்டம் போட்டு, எஞ்சியவர்களில் பெரும்பாலோரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 403 எண்ணோடு இன்று வரும் இளைஞரின் பாட்டனாருக்குப் பாட்டனார் அதே மண்ணில் நின்றிருக்கக் கூடும்.

பண்டபெர்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர் சில்டர்ஸ். 2000 ஜூன் 23 அன்று அங்கே முதுகுப்பைப் பயணிகள் தங்கிய பேலஸ் விடுதியில் ஒருவர் தீ வைத்ததில் 15 இளைஞர்கள் இறந்தார்கள். ஏழு பேர் பிரிட்டிஷ்காரர், மூவர் ஆஸ்திரேலியர், இருவர் டச்சுக்காரர். அயர்லாந்து, ஜப்பான், தென்கொரியாவிலிருந்து ஒவ்வொருவர். அந்த விடுதியைப் புதுப்பித்து நினைவிடம் ஆக்கியிருக்கிறார்கள். பதினைந்து பேரும் ஒரு வயலில் ஒன்றாக இளைப்பாறுவதுபோல் வரைந்த பெரிய ஓவியம் உள்ளே தொங்குகிறது. ஒவ்வொரு முகமும் ஒரு தாய் பார்த்தால் அடையாளம் தெரியும்படி இருக்கிறது.

பண்டபெர்க் கடற்கரையோரம் மான் ரெப்போ என்ற இடத்தில் ஆமைகள் முட்டையிட வருவதைப் பார்க்கக் கூட்டம் சேரும். பக்கத்தில் கருங்கல்லால் அடுக்கிய நீளமான மதில் ஒன்று ஓடுகிறது. கரும்பு நடுவதற்காக வயலில் கிடந்த எரிமலைக் கற்களைத் தீவுக்காரர்கள் கையால் பொறுக்கி அடுக்கியது. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லின் மேல் கல்.